உறைகுளிரில் மின்னேற்றத்தைத் தடுக்கும் பெட்டி: கல்லடியில் செய்து பார்த்த அனுபவம்

எங்கள் மட்டக்களப்பில் மார்கழி மழையிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது மிக அரிது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பனியில் உறையும் ஒரு பற்றரியைக் காப்பாற்றுவதற்கான பெட்டியை நான் செய்ய வேண்டி வந்தது. கல்லடியில் எனக்கு ஒரு சிறிய வேலைத்தளம் இருக்கிறது. வாவித் தோணிகளின் விளக்குகள், ஓட்டோக்களின் வயரிங், வீடுகளின் சூரிய மின் அமைப்புகள் ஆகியவையே என் அன்றாட வேலை. அக்காவின் மகன் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கிறான். அவன் ஒரு வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் பொருத்தித் தங்கிப் பயணம் செய்யக்கூடியதாக மாற்றியிருந்தான். அதில் 12.8 வோல்ற், 100 அம்பியர் மணி கொள்ளளவுள்ள லித்தியம் அயன் பொஸ்பேற் பற்றரி ஒன்றும், கூரையில் ஒரு சூரியத் தகடும் இருந்தன.

ஒரு பங்குனி மாதத்தில் அவன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, பற்றரி செத்துப் போச்சு போலக் கிடக்கு. ராவைக்கு ஹீற்றரைப் போட்டா விடியிறதுக்குள்ள நிண்டு போகுது," என்றான். முழுதாக மின்னேற்றி, 5 அம்பியர் சுமையைக் கொடுத்து, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்க்கச் சொன்னேன். பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே தாங்கியது. அதாவது 100 அம்பியர் மணி இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 58 மட்டுமே மிச்சம். பற்றரிக்குள் இருக்கும் நான்கு கலங்களில் ஒன்று மற்ற மூன்றுக்கும் முந்தி 2.5 வோல்றுக்கு இறங்கி, கலங்களைக் காக்கும் மின்சுற்றான பாதுகாப்புப் பலகை மின்னைத் துண்டித்திருந்தது. வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத பற்றரி அது. மாரி முழுவதும் வேன் வெளியில் நின்றது, சூரியத் தகடு இணைக்கப்பட்டபடியே இருந்தது என்று அவன் சொன்னபோதே எனக்குக் காரணம் விளங்கிவிட்டது.

இந்தக் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அயன் பொஸ்பேற் என்றால் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை இங்கும் அங்கும் பரவலாக இருக்கிறது. 1990களில் ஜோன் குட்இனஃப் என்பவரின் ஆய்வுக்குழு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த இந்த இரும்புப் பொஸ்பேற் சேர்மம், கலத்தின் நேர் முனையில் இருக்கிறது. எளிதில் தீப்பற்றாமை, நீண்ட ஆயுள் ஆகிய நற்பெயர்கள் அந்த முனையால் வந்தவை. குளிர் தாக்குவதோ எதிர் முனையை, அங்கே இருப்பது காரீயம் (கிரபைற்). மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் அந்தக் காரீயத்தின் படலங்களுக்கு இடையே நுழைந்து அமர வேண்டும். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போனால் அவை நுழையும் வேகம் பெரிதும் குறைகிறது. வெளியிலிருந்து நாம் தள்ளும் மின்னோட்டம் அதே அளவில் இருந்தால், உள்ளே நுழைய முடியாத லித்தியம் காரீயத்தின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் பெரும் பகுதி திரும்பவும் வேலைக்கு வராது. இழந்த கொள்ளளவு இழந்ததுதான். படிவு ஊசி போல வளர்ந்தால் கலத்துக்குள்ளேயே குறுஞ்சுற்று ஏற்படவும் கூடும். வெளியே வீக்கமோ வாசனையோ ஒன்றும் தெரியாது. அதே கலத்திலிருந்து மின்னை எடுப்பதற்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மறை 20 பாகை வரை அனுமதிக்கிறார்கள் என்பதால், விளக்கு எரிகிறதே, பற்றரி நன்றாகத்தானே இருக்கிறது என்று உரிமையாளர் நினைத்துக்கொண்டிருப்பார். எடுப்பதற்கு ஒரு விதியும் ஏற்றுவதற்கு இன்னொரு விதியும் இருப்பதை முதலில் மனதில் இருத்த வேண்டும்.

ஆடி மாதம் மருமகன் விடுமுறையில் ஊருக்கு வந்தான். பயணிகள் விமானத்தில் 160 வாற் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பற்றரியைப் பொதியில் கொண்டுவர முடியாது, இதுவோ 1280 வாற் மணி. எனவே பற்றரியின் உறையைத் திறந்து, உள்ளே இருந்த பாதுகாப்புப் பலகையையும் அதன் வெப்ப உணரியையும் மட்டும் கழற்றி எடுத்துவந்தான். திறந்தபோது எடுத்த படங்களையும் காட்டினான். குளிரில் மின்னேற்றத்தைத் தானாகவே நிறுத்தும் என்று பற்றரியுடன் வந்த துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டிருந்தது. புளூடூத் வழியாகப் பலகையின் அமைப்புகளைத் திறந்து பார்த்தோம். நிறுத்தும் எல்லை மறை 5 பாகை என்றும், மீண்டும் அனுமதிக்கும் எல்லை 0 பாகை என்றும் பதியப்பட்டிருந்தது. அந்த எண்களே தவறானவை. ஆனால் படங்களில் நான் கண்டது அதைவிட மோசமானது: வெப்ப உணரி எந்தக் கலத்தையும் தொடாமல், பலகையின் ஓரத்தில், மூடிக்கு அடியில் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் வேனின் டீசல் ஹீற்றரைப் போட்டால் அரை மணி நேரத்தில் உள்ளே காற்று இளஞ்சூடாகிவிடும். மூடிக்கு அடியில் இருக்கும் அந்த உணரியும் சூடாகிவிடும். மொத்தம் எட்டரைக் கிலோ எடையுள்ள நான்கு கலங்களோ அப்போதும் இரவின் குளிரிலேயே இருக்கும். கூரையில் வெயில் பட்டதும் மின்னேற்றம் தொடங்கிவிடும். இது என் ஊகம்தான், ஆனால் ஊகத்தோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. இன்னொரு பற்றரியை அதே வேனில் பொருத்துவதற்கு முன், இந்த இடைவெளி எவ்வளவு என்பதை அளந்து பார்க்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தோம்.

குளிருக்கு எங்கே போவது? எங்களிடம் இருப்பது மீன் ஐஸ். மீன் வாடியில் தெரிந்த அண்ணர் ஒருவரிடம் பதினைந்து கிலோ உடைத்த ஐசும், மீன் அடைக்கும் பெரிய ரெஜிபோம் பெட்டி ஒன்றும் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று விசாரித்துவிட்டு, "உப்பைக் கூடப் போடுங்க தம்பி, மூண்டுக்கு ஒண்டு. அப்பதான் ஐஸ் கடிக்கும்," என்றார். அவர் சொன்ன அளவு பாடப்புத்தகத்தோடு பொருந்துவது. ஐசும் உப்பும் ஏறத்தாழ அந்த விகிதத்தில் சேரும்போது கலவை மறை 21 பாகை வரை இறங்கக்கூடும். கல்லுப்போடு எங்களுக்குக் கிடைத்தது மறை 14. அது போதுமாக இருந்தது.

உப்பைச் சேர்ப்பதற்கு முன் ஒரு வேலை இருந்தது. ஒரு கோப்பையில் உடைத்த ஐசைப் போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கலக்கிவிட்டால் அந்தக் கலவை பூச்சியம் பாகையில் நிற்கும். இதைவிட மலிவான, நம்பகமான அளவுகோல் வேறில்லை. பாதுகாப்புப் பலகையின் உணரியையும், நான் வாங்கி வைத்திருந்த வெப்பநிலையைப் பார்த்து ஒரு சுவிச்சைத் திறந்து மூடும் டபிள்யூ 1209 என்ற சிறிய தேர்மோஸ்டாட் பலகைகள் இரண்டின் உணரிகளையும் ஒன்றாகக் கட்டி, கோப்பையின் சுவரைத் தொடாதபடி நடுவில் அமிழ்த்தினோம். பாதுகாப்புப் பலகை 1 பாகை காட்டியது. தேர்மோஸ்டாட் ஒன்று 0.3, மற்றது 1.8. இந்தச் சிறு பலகையில் நான்காவது அமைப்பு திருத்தத்துக்கானது. அதில் மறை 1.8 என்று கொடுத்ததும் இரண்டாவதும் ஒழுங்குக்கு வந்தது. 1.8 பாகை சிறிய பிழை போலத் தோன்றலாம். எல்லையை 2 பாகையில் வைத்திருக்கும் ஒருவருக்கு அது கலத்தை உறைநிலை வரை கொண்டுசெல்லும் பிழை.

மின் தடைப்படும்போது வேலைத்தளத்துக்கு விளக்கெரிக்க நான் வைத்திருக்கும் நான்கு 100 அம்பியர் மணிக் கலங்களைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பாதி அளவுக்கு மின்னை இறக்கி, கலங்களுக்கு இடையே காப்புத் தாள் வைத்து, பட்டியால் இறுக்கிக் கட்டி, தடித்த பொலித்தீன் பைகள் இரண்டில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டினோம். உப்புத் தண்ணீர் முனைகளைத் தொட்டால் கதை அதோடு முடிந்துவிடும். மருமகன் கொண்டுவந்த பலகையை அவனுடைய பற்றரியில் இருந்தது போலவே பொருத்தி, அதன் உணரியைப் படத்தில் கண்டபடி ஓரத்தில் தொங்கவிட்டு, திருத்திய தேர்மோஸ்டாட்டின் உணரியை மட்டும் நடுக் கலங்கள் இரண்டுக்கு இடையே செருகினேன். மாலை ஐந்து மணிக்குப் பெட்டிக்குள் இறக்கினோம். இரவு ஒன்பதரைக்கு நடுக் கலத்தின் வெப்பநிலை மறை 8 ஆனது.

அப்போது ஐசை அள்ளி எடுத்துவிட்டு, பையின் வாயைத் திறந்து, மூடியையும் திறந்து வைத்தோம். வேலைத்தளத்தின் காற்று 30 பாகை. பத்து நிமிடத்தில் பாதுகாப்புப் பலகை 14 பாகை என்று காட்டி, மின்னேற்றத்துக்கு அனுமதி கொடுத்தது. அதே கணத்தில் கலத்தின் நடுவே மறை 7. மருமகன் தன் தொலைபேசித் திரையில் தெரிந்த எண்ணையும் என் தேர்மோஸ்டாட்டின் சிவப்பு எண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். கலத்தின் நடுப்பகுதி பூச்சியத்தைத் தாண்டுவதற்கு ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் எடுத்தது. எங்கள் ஊர் வெக்கையிலேயே இவ்வளவு நேரம் என்றால், 15 பாகைக் காற்றுள்ள வேனில், அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள் மூடப்பட்ட பற்றரிக்கு எத்தனை மணி நேரம் தேவைப்படும் என்பதை வாசிப்பவர்களே கணித்துக்கொள்ளலாம். அவனுடைய பற்றரி ஒரு மாரி முழுவதும் காலைதோறும் அந்த நிலையில் மின்னேற்றப்பட்டிருக்கிறது.

அடுத்து நடந்தது நாங்கள் எதிர்பாராதது. உறைந்த கலங்கள் எங்கள் ஈரக் காற்றைக் கண்டதும் வியர்க்கத் தொடங்கின. முனைகளின் மேல் நீர் முத்து முத்தாகத் திரண்டு, உணரிகளின் இணைப்பிகள் வரை வழிந்தது. ஒரு தேர்மோஸ்டாட் திடீரென்று மறை 2 இலிருந்து 4 பாகைக்குத் தாவியது. துடைத்தால் மீண்டும் இறங்கியது. இந்த உணரிகள் குளிரக் குளிரத் தடை கூடுபவை. 25 பாகையில் 10 கிலோ ஓம் இருப்பது பூச்சியத்தில் 33 கிலோ ஓமுக்கு அருகே போகும். இணைப்பியில் ஈரம் பட்டால் அது பக்கவாட்டில் இன்னொரு தடையாகச் சேர்ந்து, மொத்தத் தடையைக் குறைத்துவிடுகிறது. 100 கிலோ ஓம் அளவுக்கு ஒரு சிறு கசிவு இருந்தாலே பூச்சியத்தில் இருக்கும் கலம் 5 பாகைக்கு மேல் இருப்பதாகத் தெரியும். ஆக, ஈரத்தால் வரும் பிழை எப்போதும் ஆபத்தான பக்கத்துக்கே சாய்கிறது: உறைந்த கலத்தைச் சூடான கலமாகக் காட்டுகிறது. வேனுக்குள் சமைக்கிறார்கள், மூச்சு விடுகிறார்கள், நனைந்த உடுப்பைக் காயவிடுகிறார்கள். அங்கும் குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர் படியும். அன்று இரவே இணைப்பிகளை வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைத்து, பசையுள்ள சுருங்கு குழாய் போட்டு மூடினேன். உணரியின் தலையையும் எப்பொக்சியில் அமிழ்த்தி எடுத்தேன். மறுநாள் அதை உப்புத் தண்ணீரில் ஊறவிட்டுப் பார்த்தபோது அளவீடு அசையவில்லை. கலங்களை இரண்டு நாட்கள் மின்விசிறிக்குக் கீழே உலரவிட்ட பிறகே மீண்டும் தொட்டோம்.

இனி மின்னேற்றத்தைத் துண்டிக்கும் பகுதி. பாதுகாப்புப் பலகையின் எல்லைகளை 4 பாகையில் நிறுத்தி 8 பாகையில் அனுமதிக்குமாறு மாற்றி, அதன் உணரியைக் கலத்தின் உடலோடு ஒட்டிவிட்டால் போதாதா என்று மருமகன் கேட்டான். பலருக்கு அது போதும் என்றே நானும் நினைக்கிறேன். எதுவும் வாங்க முடியாதவர்கள் அந்த ஒன்றையாவது செய்ய வேண்டும். ஆனால் தகட்டின் மின்னைப் பற்றரிக்கு ஏற்றபடி சீராக்கும் சூரிய மின்கட்டுப்படுத்தி வேலை செய்துகொண்டிருக்கும்போது பற்றரிப் பக்கத்தைத் திடீரென்று துண்டிப்பதைப் பல கட்டுப்படுத்திகள் விரும்புவதில்லை. தகட்டிலிருந்து வரும் மின்னழுத்தம் போக இடமின்றி வெளியீட்டில் ஏறிவிடலாம். என்ஜினோடு சுழன்று மின் தரும் ஓல்ட்டனேற்றர் நேரடியாக ஏற்றிக்கொண்டிருக்கையில் துண்டித்தால் அதன் டயோட்டுகளுக்கே ஆபத்து. எனவே பாதுகாப்புப் பலகையைக் கடைசிக் காவலாக வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால், தகடு இருக்கும் பக்கத்திலேயே துண்டிக்கும் ஒரு காவலை அமைக்க விரும்பினேன். விலை கூடிய சில கட்டுப்படுத்திகளில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. விக்ரன் நிறுவனத்தின் கட்டுப்படுத்திகளுக்குத் தனியான வெப்ப உணரி ஒன்றை இணைத்தால், லித்தியம் அமைப்பில் 5 பாகைக்குக் கீழே அவை தாமாகவே நின்றுவிடும். மருமகனிடம் இருந்தது அப்படிப்பட்ட கட்டுப்படுத்தி அல்ல.

தகட்டின் மின்னழுத்தம் 20 வோல்றுக்கு மேல், நேரோட்டம் (டிசி), 8 அம்பியர் வரை. சாதாரண வாகன ரிலே (மின்னால் இயங்கும் சுவிச்சு) இதைத் துண்டிக்கும்போது முனைகளுக்கிடையே பொறி நீளும், நாளடைவில் முனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே அசையும் பாகம் இல்லாத திண்மநிலை ரிலே ஒன்றை வாங்கிவந்தேன். தகட்டுக்குப் பதிலாக 24 வோல்ற் பற்றரியும் ஒரு லொறி பல்பும் வைத்துப் பார்த்தபோது, கட்டளை கொடுத்ததும் பல்பு எரிந்தது, கட்டளையை எடுத்த பின்பும் அணையவே இல்லை. ரிலே பழுது என்று திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டவன், வாசலில் நின்று அதன் முகப்பை மீண்டும் வாசித்தேன். இலக்கத்தின் முடிவில் டிஏ என்று இருந்தது. அது ஆடலோட்டத்துக்கு (ஏசி) உரியது. ஆடலோட்டம் ஒவ்வொரு அலையிலும் பூச்சியத்தைத் தொடும்போதுதான் அந்த வகை ரிலே விடுபடும். நேரோட்டம் பூச்சியத்தைத் தொடுவதே இல்லை என்பதால் அது என்றைக்கும் விடுபடாது. நமக்கு வேண்டியது டிடி என்று முடியும் வகை. இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் பெட்டியைப் பூட்டி அனுப்பியிருந்தால், ஒருமுறை வெயில் வந்து திறந்த பிறகு மாலைவரை எந்தக் குளிரும் அதைப் பூட்டியிராது. சரியான ரிலே கொழும்பிலிருந்து வர ஐந்து நாட்கள் எடுத்தன. முழு ஓட்டத்தில் அது கையால் தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது. எனவே ஓர் அலுமினியக் குளிர்த்தகட்டில் வெப்பப் பசை பூசி இறுக்கினேன்.

முதலாவது தேர்மோஸ்டாட்டைக் குளிரூட்டும் முறையில், அதாவது சி என்ற எழுத்தில் அமைத்து, 7 பாகை என்றும் வித்தியாசம் 3 என்றும் கொடுத்தேன். கலம் 7 பாகையைத் தொட்டால் அதன் சிறு ரிலே மூடிக்கொண்டு திண்மநிலை ரிலேக்குக் கட்டளை போகும். 4 பாகைக்கு இறங்கினால் கட்டளை நிற்கும். அதே கட்டளை, ஓல்ட்டனேற்றருக்கும் பற்றரிக்கும் இடையே உள்ள நேரோட்ட மின்னேற்றியின் தொலைக்கட்டுப்பாட்டு முனைக்கும் போகிறது. குளிரூட்டும் முறை என்ற பெயர் மருமகனைக் குழப்பியது. எந்த முறையில் வெப்பம் கூடும்போது ரிலே மூடுகிறதோ அதுவே நமக்கு வேண்டியது என்று விளக்கினேன். மின் வராவிட்டாலும், வயர் அறுந்தாலும், கட்டளை இல்லாத நிலையே எஞ்சும், அதில் மின்னேற்றம் நடக்காது. இதைச் சொல்லால் நம்பாமல் செய்து பார்த்தோம். உணரியின் வயரை வெட்டியதும் திரையில் எல் என்ற எழுத்து மூன்று முறை தோன்றி ரிலே விடுபட்டது. வயர்கள் இரண்டையும் ஒன்றாக முறுக்கியபோது எச் என்ற எழுத்து மூன்று முறை தோன்றியது, அப்போதும் விடுபட்டது. திண்மநிலை ரிலே பழுதடைந்தால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே பழுதடையும் என்பது இந்த அமைப்பின் பலவீனம். பின்னால் பாதுகாப்புப் பலகை இருப்பது அதற்காகவே.

இந்தப் பலகைகள் ஒவ்வொன்றும் 35 முதல் 65 மில்லி அம்பியர் வரை இழுக்கும். இரண்டும் இரவுபகலாக ஓடினால் நாளுக்கு ஏறத்தாழ 1.7 முதல் 3.1 அம்பியர் மணி வரை வீணாகும். அதனால் அவற்றுக்கான மின்னைப் பற்றரியிலிருந்து எடுக்காமல், தகட்டிலிருந்தும் என்ஜின் ஓடும்போது மட்டும் உயிர்பெறும் வயரிலிருந்தும், ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோட் வைத்து, 12 வோல்ற் மாற்றி ஒன்றின் வழியாகக் கொடுத்தேன். விடியற்காலை மங்கலான ஒளியில் மாற்றி எழுவதும் விழுவதுமாக இருந்ததால் ரிலே படபடத்தது. தாமத அமைப்பில் 3 நிமிடம் கொடுத்ததும் அது நின்றது.

கலத்தைச் சூடாக்கும் பகுதியை மருமகன் ஆவலோடு கேட்டான், நான் தயக்கத்தோடு சேர்த்தேன். மறை 10 இலிருந்து 8 பாகைக்கு எட்டரைக் கிலோவை உயர்த்த ஏறத்தாழ 43 வாற் மணி தேவை, அது மூன்றரை அம்பியர் மணிக்குச் சமம். அது பெரிய செலவு அல்ல. ஆனால் ஹீற்றரைப் பற்றரியிலேயே இணைத்து, வேனை நிறுத்திவிட்டுப் போனால், 30 வாற் ஹீற்றர் பாதி நேரம் ஓடினாலும் நாளுக்கு 28 அம்பியர் மணி போகும். நான்கு நாளில் பற்றரி வெறுமையாகிவிடும். ஆகவே என்ஜின் ஓடும்போது மட்டும் மின் கிடைக்கும் வகையில் இணைத்தேன். 30 வாற் சிலிக்கன் ஹீற்றர் தாளை 2 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டின் அடியில் ஒட்டி, தகட்டின் மேல் கலங்களை நிறுத்தினோம். தாளைக் கலத்தில் நேரடியாக ஒட்டினால் ஓரிடம் மட்டும் கொதிக்கும். ஹீற்றரின் வயரிலேயே 45 பாகையில் திறந்துகொள்ளும் சிறிய வெப்பச் சுவிச்சையும் 5 அம்பியர் பியூசையும் சேர்த்தேன்.

மீண்டும் ஐஸ், மீண்டும் உப்பு, மீண்டும் மறை 8. ஹீற்றரை இயக்கியபோது கலங்களின் அடிப்பகுதி 55 நிமிடத்தில் 7 பாகையைத் தொட்டது. அப்போது அதே கலங்களின் மேற்பகுதி 1 பாகைதான். அது 7 ஆவதற்கு மேலும் முப்பது நிமிடம் எடுத்தது. உணரி அடியில் இருந்திருந்தால் பழைய தவறையே புதிய பெட்டியிலும் செய்திருப்போம். எனவே மின்னேற்றத்தை அனுமதிக்கும் உணரியை ஓரக் கலத்தின் மேல் பகுதியில், ஹீற்றரிலிருந்து மிகத் தொலைவான இடத்தில், வெப்பம் தாங்கும் கப்டன் நாடாவால் ஒட்டி, காற்று படாதபடி அதன் மேல் ஒரு துண்டு ரப்பர் நுரையும் வைத்தேன். ஹீற்றரைக் கட்டுப்படுத்தும் இரண்டாவது உணரியை அடியில், தகட்டுக்கு அருகில் வைத்தேன். அனுமதி கொடுப்பவர் மிகக் குளிர்ந்த இடத்தையும், சூடு கொடுப்பவர் மிகச் சூடான இடத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஓர் உணரியால் செய்ய முயல்வது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

மருமகன் பெட்டியையும் உணரிகளையும் ஹீற்றர் தகட்டையும் எடுத்துக்கொண்டு புரட்டாதியில் திரும்பினான். அங்கே நான்கு புதிய கலங்கள் வாங்கி, நான் தொலைபேசியின் காணொளியில் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்து பொருத்தினான். பற்றரியை இருக்கைக்கு அடியில், வேனின் காப்புச் சுவருக்கு உள்ளே மாற்றி வைத்தான். 25 மில்லிமீற்றர் நுரைப் பலகையால் கலங்களைச் சுற்றி அடைத்தான். பாதுகாப்புப் பலகை சூடாகும் பொருள் என்பதால் அதை நுரைக்கு வெளியே வைக்கச் சொன்னேன். வேன் வாரக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் தகட்டின் சுவிச்சையே அணைத்து, பற்றரியைப் பாதி அளவில் விட்டுவிடச் சொன்னேன். இந்த வகைப் பற்றரி தானாக இழப்பது மாதத்துக்குச் சில வீதமே. நிற்கும் வண்டிக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு எந்தப் பெட்டியிலும் கிடையாது.

தையில் அவன் ஒரு காலைப்பொழுதின் எண்களைக் குறித்து அனுப்பினான். வெளியே மறை 17. எட்டே காலுக்கு வெயில் தகட்டைத் தொட்டது, வேனுக்குள் காற்று 16 பாகை, கலத்தின் மேற்பகுதி மறை 3. மின்னேற்ற அனுமதியைக் காட்டும் பெட்டியின் விளக்கு எரியவில்லை. அவன் என்ஜினை இயக்கி நகரத்துக்கு ஓட்டத் தொடங்கினான். ஒன்பதே முக்காலுக்கு மேல் உணரி 7 பாகையைக் காட்டியது, மூன்று நிமிடம் கழித்து மின்னேற்றம் தொடங்கியது. பழைய பற்றரியாக இருந்திருந்தால் அன்று எட்டே காலுக்கே ஏற்றத் தொடங்கியிருக்கும். மாரி முடிந்து மீண்டும் 5 அம்பியர் சுமை கொடுத்துப் பார்த்தான். பத்தொன்பது மணி நேரமும் ஐம்பது நிமிடமும் தாங்கியது.

அதே வகைத் தேர்மோஸ்டாட் பலகை ஒன்று உணரியோடு என்னிடம் மிச்சம் இருந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாவித் தோணிகளின் பற்றரிப் பெட்டிகள் வெயிலில் 45 பாகையைத் தாண்டுகின்றன, அந்த வெப்பத்திலும் லித்தியத்தை ஏற்றக் கூடாது. அந்தப் பலகையில் முறையை சியிலிருந்து எச்சுக்கு மாற்றி, 43 பாகை கொடுத்து, வாடி அண்ணரின் தோணியில் பொருத்திவிட்டேன். உணரியைக் கலத்தின் நடுவில் செருகி, நுரையால் மூடியிருக்கிறேன்.